காலாவதியான தலைச்சாயம் இன்னும் வேலை செய்யுமா? அலுமாரியில் இருந்த இரண்டு பெட்டிகள் பற்றி

வெள்ளவத்தை_மகள் | ஞாயிறு, இரவு 8.15

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டுக் கலியாணம் ஒன்று இருக்கிறது. அம்மாவின் தலைக்குச் சாயம் பூசவேண்டும் என்று அலுமாரியைத் திறந்தபோது, மறந்தே போயிருந்த இரண்டு பொருட்கள் அகப்பட்டன. ஒன்று, 2022இல் லண்டனிலிருந்து அண்ணா கப்பலில் அனுப்பிய கார்கோ பெட்டியில் வந்த கபில நிறக் கிறீம் சாயம். அதற்குள் ஒரு டியூப், டியூப்போடு கலக்க வேண்டிய டெவலப்பர் திரவம் ஒரு போத்தல், ஒரு சோடிக் கையுறை ஆகியவை உள்ளன. காலாவதித் திகதி எங்குமே அச்சிடப்படவில்லை, தொகுதி எண் மட்டும் இருக்கிறது. மற்றது, டொலரின் விலை சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறிய அந்த நாட்களில், இனி இவை கடைக்கே வராமற் போகலாம் என்று பயந்து நான் வாங்கிச் சேர்த்த கறுப்புத் தூள் சாயப் பக்கற்றுகள். அவற்றின் திகதி சென்ற ஆண்டே முடிந்துவிட்டது.

இரண்டுமே திறக்கப்படாதவை. அம்மாவுக்கு வயது 68. இவற்றைப் பூசலாமா, பூசினால் நிறம் பிடிக்குமா, பிடிக்காவிட்டால் அதோடு போய்விடுமா அல்லது தலைக்குத் தீங்கும் வருமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தெஹிவளை_அக்கா | ஞாயிறு, இரவு 9.02

தங்கச்சி, நான் திகதி முடிந்து இரண்டு ஆண்டுகள் சென்ற கறுப்புச் சாயத்தைப் பூசியிருக்கிறேன். நன்றாகவே பிடித்தது, ஒரு குறையும் ஏற்படவில்லை. இது சாப்பாட்டுச் சாமான் அல்லவே, பழுதாகிப் போவதற்கு. திறக்காமல் இருந்தால் தயங்காமல் பூசுங்கள். இன்றைய விலைக்கு அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது.

இரசாயன_ஆசிரியர் | ஞாயிறு, இரவு 10.40

அக்காவின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் "வேலை செய்யுமா" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற முடியாது. ஏனெனில் அந்தப் பெட்டிக்குள் இருப்பவை வெவ்வேறு வேகத்தில் மூப்படையும் இரண்டு பொருட்கள்.

முதலில் டெவலப்பர் போத்தலைப் பார்ப்போம். அதிலிருப்பது ஐதரசன் பேரொட்சைட்டு. 20 வொலியூம் என்று எழுதியிருந்தால் அதன் செறிவு ஏறத்தாழ 6 வீதம். ஒரு லீற்றர் திரவம் முழுவதும் பிரிகையடைந்தால் 20 லீற்றர் ஒட்சிசன் வாயு வெளிவரும் என்பதே அந்த எண்ணின் பொருள். 10 வொலியூம் 3 வீதம், 30 வொலியூம் 9 வீதம், 40 வொலியூம் 12 வீதம். இந்தப் பொருள் இயல்பாகவே தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துகொண்டிருக்கும். அதனைத் தாமதப்படுத்தவே உற்பத்தியாளர்கள் கரைசலை அமிலத்தன்மையுடன் வைத்து, நிலைநிறுத்திகளையும் சேர்க்கிறார்கள். வெப்பமும் வெளிச்சமும் உலோகத் துணிக்கைகளும் பிரிகையை வேகப்படுத்தும். லண்டனில் நான்கு ஆண்டுகள் குளிரான அறையில் இருந்த போத்தலும், வாரக்கணக்கில் கப்பல் கொள்கலனுக்குள் வெந்து, பின்னர் பகலில் 30 பாகையை அண்டிய வெப்பம் நிலவும் கொழும்பில் ஓர் அலுமாரிக்குள் இருந்த போத்தலும் ஒரே வயதுடையவை என்று கொள்ள முடியாது.

அடுத்தது டியூப். அதற்குள் சாயத்தின் அடிப்படைப் பொருளான பரா-பீனைலீன்டையமீன் அல்லது அதன் உறவுப் பொருட்களில் ஒன்று, நிறத்தைத் தீர்மானிக்கும் இணைப்பிகள், அமோனியா, காற்று பட்டுக் கெடாமலிருக்கச் சல்பைற்று போன்ற காப்புப் பொருட்கள் ஆகியவை இருக்கும். சாய மூலக்கூறுகள் தொடக்கத்தில் சிறியவை, நிறமற்றவை. அமோனியா முடியின் மேற்செதில்களை விரிக்க, அவை உள்ளே நுழைகின்றன. அங்கே பேரொட்சைட்டின் உதவியால் ஒன்றோடொன்று இணைந்து பெரிய நிற மூலக்கூறுகளாகி, வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்கின்றன. தலை முழுகினாலும் நிறம் போகாதிருப்பதற்கு இதுவே காரணம். டியூப்பின் பொருத்து வழியாகக் காற்று நுழைந்து, இந்த இணைவு டியூப்புக்குள்ளேயே நடந்துவிட்டால், அந்தப் பெரிய மூலக்கூறுகளால் முடிக்குள் நுழைய முடியாது. அவை தோலில் கறையாகப் படிந்து, முடியில் நிற்காமல் கழுவப்பட்டுப் போகும்.

திகதி அச்சிடப்படாததற்கும் காரணம் உண்டு. ஐரோப்பிய விதிமுறையின்படி, உற்பத்தியிலிருந்து 30 மாதங்களுக்கு மேல் தரம் குன்றாத அழகுசாதனங்களுக்குக் காலாவதித் திகதி போடத் தேவையில்லை. திறந்த பின் எத்தனை மாதங்கள் பாவிக்கலாம் என்பதைத் திறந்த டப்பாவின் படத்தோடு குறித்தால் போதும். பிரித்தானியாவிலும் அதே முறை தொடர்கிறது. ஒரே தடவையில் பாவித்து முடிக்கும் பெட்டிகளில் அந்தப் படமும் இல்லாதிருக்கலாம். ஆகவே திகதி இல்லை என்பதைக் கெடாத பொருள் என்று வாசிக்கக் கூடாது. 30 மாதங்கள் நிலைக்கும் என்று உற்பத்தியாளர் உறுதிகூறிய பொருள், உங்களிடம் அதனிலும் நீண்ட காலம் இருந்துவிட்டது.

தெஹிவளை_அக்கா | திங்கள், காலை 7.20

விளக்கத்திற்கு நன்றி ஐயா. அப்படியானால் எனக்கு மட்டும் எப்படிக் கறுப்பாகவே பிடித்தது?

இரசாயன_ஆசிரியர் | திங்கள், காலை 7.55

கறுப்பு என்பதனால்தான். கடும் நிறங்களில் சாயப் பொருள் மிக அதிக அளவில் சேர்க்கப்பட்டிருக்கும். அதில் ஒரு பங்கு வீணாகியிருந்தாலும் மிஞ்சியது கறுப்பாகவே தோன்றும். இளங் கபிலத்தில் அந்த உபரி இல்லை. அதோடு, நிறத்தை உண்டாக்கும் கூறுகள் எல்லாம் ஒரே அளவில் கெடுவதுமில்லை. நீலச் சாயலைத் தரும் கூறு குறைந்தால் செம்மை மேலோங்கும். வேறொன்று குறைந்தால் வேறொரு சாயல் வரும். பெட்டியின் மேலுள்ள படத்திற்கும் தலையில் வரும் நிறத்திற்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது.

கொட்டாஞ்சேனை_சலூன் | திங்கள், முற்பகல் 11.30

இருபது வருடங்களுக்கு மேலாக இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில், கையால் தொட்டும் மூக்கால் முகர்ந்தும் நாங்கள் பார்க்கும் அடையாளங்களைச் சொல்கிறேன்.

டெவலப்பர் போத்தல் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அதாவது மருந்து உடைந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட போத்தலை முகத்துக்கு நேரே பிடித்துத் திறக்காதீர்கள். கழுவுத்தொட்டிக்கு மேலே பிடித்து, மூடியை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். கிறீம் டெவலப்பர் ஒரே சீராக இல்லாமல் தண்ணீரும் தயிருமாகப் பிரிந்திருந்தாலும் எறிய வேண்டியதுதான். டியூப்பைப் பிதுக்கும்போது வாயருகே சற்றுக் கருமையாக வருவது குற்றமல்ல, அது காற்றுப் பட்ட இடம். உள்ளேயிருந்து வருவதும் அதே கருமையாக இருந்தால், அந்தச் சாயத்தின் கதை முடிந்துவிட்டது. அமோனியா சேர்ந்த சாயத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த மணமே இல்லையென்றால், முடியைத் திறக்க உள்ளே ஒன்றும் மிஞ்சவில்லை என்று பொருள். அமோனியா இல்லாத சாயங்களில் இந்தச் சோதனை செல்லாது. அவற்றில் மணமற்ற வேறு காரப்பொருள் இருக்கும்.

உங்களுடைய தூள் பக்கற்றைத் திறக்கும் முன் விரல்களால் நசுக்கிப் பாருங்கள். தூள் சாயத்தில் சாயமும் ஒட்சியேற்றும் பொருளும் ஒரே பக்கற்றில் உலர்ந்த நிலையில் கலந்திருக்கின்றன. தண்ணீர் பட்டதும் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே நம்முடைய ஈரக் காற்று உள்ளே புகுந்தால் பக்கற்றுக்குள்ளேயே வேலை தொடங்கிவிடும். கட்டி தட்டியிருந்தால் பூச வேண்டாம். குளியலறை அலுமாரியில் வைத்திருந்த பக்கற்றுகள்தான் எப்போதும் முதலில் கட்டியாகின்றன.

புறக்கோட்டை_வியாபாரி | திங்கள், பிற்பகல் 3.10

ஒரு சிறு யோசனை. டெவலப்பர்தான் கெட்டது என்றால், புதிய டெவலப்பர் ஒரு போத்தலைத் தனியே வாங்கிப் பழைய டியூப்போடு கலக்கலாமே. புறக்கோட்டையில் சலூன் சாமான்கள் விற்கும் கடைகளில் சிறிய போத்தல்களும் கிடைக்கின்றன. பலம் போதாது என்று பயந்தால் 40 வொலியூம் எடுத்தால் ஈடுகட்டிவிடும் அல்லவா?

கொட்டாஞ்சேனை_சலூன் | திங்கள், பிற்பகல் 4.05

முதற்பாதி சரி, இரண்டாம் பாதியை யாரும் செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நரையை மறைக்க நாங்கள் வழமையாக எடுப்பது 20 வொலியூம். 40 வொலியூம் உச்சந்தோலில் பட்டால் எரியும். 68 வயது அம்மாவின் மெல்லிய தோலில் அது புண்ணாகவும் முடியலாம். கெட்டுப்போன சாயத்தின் குறையை டெவலப்பரின் பலத்தால் நிரப்ப முடியாது; உள்ளே சாயம் இல்லையென்றால் அது முடியின் இயல்பான நிறத்தை வெளுப்பாக்கிவிட்டு நிற்கும். அத்தோடு ஒவ்வொரு நிறுவனத்திற்கும் கலக்கும் அளவு வேறு. ஒன்றுக்கு ஒன்று என்பவர்களும் உண்டு, ஒன்றுக்கு ஒன்றரை என்பவர்களும் உண்டு.

நீண்டநாள்_வாசகி | திங்கள், இரவு 9.48

இதுவரை நிறத்தைப் பற்றியே அதிகம் கதைத்திருக்கிறீர்கள். நான் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஒன்பது ஆண்டுகள் ஒரே சாயத்தை, ஆறு வாரங்களுக்கு ஒரு முறை, எவ்விதத் தொந்தரவும் இன்றிப் பூசியவள். பத்தாவது ஆண்டில் ஒரு நாள், திகதி முடியாத புதிய பெட்டியையே பூசினேன். அன்றிரவு காதோரம் மட்டும் கடித்தது. வெயில் காலம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது இமைகள் இரண்டும் வீங்கிக் கண்களைத் திறக்க முடியவில்லை. நெற்றியிலிருந்து நீர் கசிந்தது. என் மகன் என்னைக் கையைப் பிடித்துத்தான் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றான். பின்னர் தோல் வைத்திய நிபுணர் முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்து, பரா-பீனைலீன்டையமீனுக்கு எனக்கு ஒவ்வாமை வந்துவிட்டது, இனி வாழ்நாள் முழுவதும் அது கலந்த எதையும் பூசக்கூடாது என்றார். இத்தனை வருடங்கள் ஒன்றும் செய்யாத பொருள் இப்போது ஏன் என்று கேட்டேன். உடல் அதனை மெல்ல மெல்லப் பகையாகப் பழகிக்கொள்ளும், ஒரு நாள் அது வெளியே தெரியும் என்று விளக்கினார்.

குணமாகும்வரை பட்ட அந்த மூன்று வாரங்களை நான் மறக்கவில்லை. ஆகவே "போன முறை ஒன்றும் செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. சாயம் புதியதோ பழையதோ, ஒவ்வொரு முறையும் 48 மணித்தியாலங்களுக்கு முன் பெட்டியில் சொல்லியிருக்கும் முறைப்படி தோலில் சிறிது தொட்டுப் பாருங்கள். தயவுசெய்து அதைச் சடங்காக எண்ண வேண்டாம்.

தெஹிவளை_அக்கா | திங்கள், இரவு 10.15

வாசித்துவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தேன். நான் ஒருபோதும் தொட்டுப் பார்த்ததில்லை. இனிப் பார்ப்பேன். ஆசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: பழைய சாயத்தால் இந்த ஒவ்வாமை கூடுமா, குறையுமா?

இரசாயன_ஆசிரியர் | செவ்வாய், காலை 6.30

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். இதை நானே முன்னர் எழுதியிருக்க வேண்டும்.

முழுமையாக வினைபுரிந்து முடிந்த பெரிய நிற மூலக்கூறுகளை விட, வினை முடியாமல் எஞ்சுகின்ற பீனைலீன்டையமீனும், அது பாதி ஒட்சியேறிய நிலையில் உண்டாகும் இடைப்பொருட்களுமே தோலுக்கு அதிகம் கவலை தருபவை. அவை தோலின் புரதங்களோடு பிணைந்துகொள்ள, உடலின் காப்புத் தொகுதி அதனை அந்நியமாக அடையாளம் காண்கிறது. இப்போது பலமிழந்த டெவலப்பரைக் கலந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வினை அரைகுறையாகவே நடக்கும். தலையில் வினைபுரியாத சாயப் பொருள் கூடுதலாக எஞ்சும். நிறம் பிடிக்கவில்லையே என்று நாம் 30 நிமிடங்களுக்குப் பதிலாக ஒரு மணித்தியாலம் விட்டு வைப்போம். அதுவும் போதாமல், அதே வாரத்தில் இன்னொரு பெட்டியையும் பூசுவோம். தோல் தாங்க வேண்டிய சுமை இவ்வாறு இரண்டு மூன்று மடங்காகிறது.  காலாவதியான சாயம் எவ்வளவு வேலை செய்யும் என்பது நமக்குத் தெரியாமற் போய், நாம் அதை ஈடுகட்ட முயல்வதிலேயே பெரிய ஆபத்து இருக்கிறது.

ஒவ்வாமை ஏற்கெனவே உள்ளவருக்குப் பழையது, புதியது என்ற வேறுபாடே இல்லை. மிகச் சிறிய அளவு போதும்.

சிலர் வீட்டில் செய்யும் உருளைக்கிழங்குச் சோதனையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது பாதி உண்மையையே சொல்லும். வெட்டிய பச்சை உருளைக்கிழங்கின் மேல் ஒரு துளி டெவலப்பரை விட்டால், கிழங்கிலுள்ள கற்றலேசு என்னும் நொதியம் பேரொட்சைட்டை உடைத்து நுரை வரச் செய்யும். நுரையே வரவில்லையென்றால் போத்தல் செத்துவிட்டது என்று கொள்ளலாம். நுரை வந்தால் அது 6 வீதமா ஒரு வீதமா என்று உங்களால் கூற முடியாது; ஒரு வீதமும் நுரைக்கும்.

மருதோன்றி_விரும்பி | செவ்வாய், காலை 9.12

இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? எங்கள் வீடுகளில் மருதோன்றி இருக்கிறதே. அது கெடவும் மாட்டாது, தோலுக்கும் குளிர்ச்சி.

நீண்டநாள்_வாசகி | செவ்வாய், காலை 9.50

நானும் இப்போது மருதோன்றிதான் பூசுகிறேன். ஆகவே அதன் குறைகளையும் அறிவேன். அரைத்த தூளும் பழையதாகும். புதிய தூள் இலைப்பச்சையாக இருக்கும், பழையது மண்ணிறமாகும். உள்ளங்கையில் சிறிது குழைத்து வைத்தால் செம்மஞ்சள் ஏறுகிறதா என்று உடனே தெரிந்துவிடும். வெள்ளை முடியில் அது செம்மஞ்சளாகவே பிடிக்கும், கறுப்பாகாது. கறுப்பு வேண்டுமானால் அதன் மேல் அவுரித் தூளைப் பூச வேண்டும். அவுரியைக் குழைத்த பின் நீண்ட நேரம் வைத்திருக்கவும் முடியாது.

மிக முக்கியமாக, "கறுப்பு மருதோன்றி" என்று விற்கப்படுவனவற்றை நம்ப வேண்டாம். மருதோன்றி இயற்கையில் கறுப்பு நிறம் தராது. அவற்றில் பலவற்றைக் கறுப்பாக்குவது, என் கண்களை மூட வைத்த அதே பீனைலீன்டையமீன்தான். பொருளடக்கத்தை ஒரு முறைக்கு இரு முறை வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனை_சலூன் | செவ்வாய், முற்பகல் 10.35

வாசகி அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சில கலப்பு மருதோன்றித் தூள்களிலும், நாளுக்கு நாள் கருமையாக்கும் சில திரவங்களிலும் உலோக உப்புகள் இருக்கும். அது ஏறிய தலையில் டெவலப்பர் கலந்த சாயத்தைப் பூசினால் முடி சூடேறி, இழை இழையாக அறுந்து வருவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சாயத்தைக் குழைக்கவும் உலோகக் கிண்ணம் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி போதும். குழைத்ததில் மிஞ்சியதை அடுத்த முறைக்கென்று மூடி வைக்கவும் கூடாது. வாயு சேர்ந்து பாத்திரம் வெடிக்கக்கூடும். வெடிக்காவிட்டாலும் ஒரு மணித்தியாலத்திற்குப் பின் அதில் பயன் ஒன்றும் இல்லை.

புறக்கோட்டை_வியாபாரி | செவ்வாய், பகல் 12.20

40 வொலியூம் பற்றிய என் யோசனையை மீளப் பெறுகிறேன். வியாபாரப் பக்கத்திலிருந்து ஒரு தகவல்: திகதி முடிந்த சாயத்தைக் கடையில் வைத்து விற்பதும், திகதியின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டுவதும் குற்றம். நடைபாதையில் பாதி விலைக்குக் குவித்திருக்கும் பெட்டிகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்திற்கு அழைத்து முறையிடலாம். பற்றுச்சீட்டை எறியாமல் வைத்திருங்கள்.

வெள்ளவத்தை_மகள் | புதன், மாலை 6.25

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை உங்கள் சொற்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

தூள் பக்கற்றுகள் ஐந்தில் மூன்று, நசுக்கும்போதே கல்லுப் போல இருந்தன. மீதி இரண்டும் மென்மையாக இருந்தாலும், அதே அலுமாரியில் அதே காலம் இருந்தவை என்பதால் ஐந்தையும் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

லண்டன் பெட்டியின் போத்தல் சற்று உப்பியிருந்தது. கழுவுத்தொட்டிக்கு மேலே பிடித்துத் திறந்தபோது சோடாப் போத்தல் போல் சீறியது. டியூப் மட்டும் நல்ல நிலையில் இருப்பது போலத் தோன்றியது. வெண்மையான கிறீம், கடுமையான அமோனியா மணம். ஆகவே ஒரு சோதனை செய்தேன். அம்மாவின் சீப்பில் சேர்ந்த வெள்ளை முடிகளை எடுத்து இரண்டு சிறு கட்டுகளாக நூலால் கட்டினேன். ஒன்றுக்கு டியூப்போடு பழைய டெவலப்பர். மற்றதற்கு டியூப்போடு காலி வீதிக் கடையில் வாங்கிய புதிய 20 வொலியூம். கையுறை அணிந்து, கண்ணாடிக் கிண்ணத்தில், இரண்டுக்கும் 35 நிமிடங்கள்.

பழைய டெவலப்பரில் தோய்ந்த முடி வெறும் தேநீர்க் கறை போல மஞ்சளாக வந்தது. இரண்டு முறை ஷாம்பூ போட்டதும் அதிலும் பாதி போய்விட்டது. புதிய டெவலப்பரில் தோய்ந்தது கபிலமாகப் பிடித்தது, ஆனால் பெட்டியின் படத்தில் இருக்கும் சாம்பல் கலந்த கபிலமல்ல, செம்மை தூக்கலான கபிலம். ஆசிரியர் ஐயா எழுதியதை அப்படியே கண்ணால் கண்டேன்.

அம்மாவிடம் இரண்டு கட்டுகளையும் காட்டினேன். யன்னலடியில் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கலியாண வீட்டுக்குச் சிவந்த தலையோடு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே இன்று புதிய பெட்டி ஒன்று வாங்கினேன். அதன் திகதியைக் கடை வெளிச்சத்திலேயே வாசித்தேன். சற்று நேரத்தில் அம்மாவின் காதுக்குப் பின்னால் தொட்டு வைக்கப் போகிறேன். அம்மா இதுவரை சாயத்தால் எந்தத் தொந்தரவும் கண்டதில்லை, ஆனால் வாசகி அக்காவின் பதிவை வாசித்துக் காட்டிய பின் அவரே தலையைச் சாய்த்துக் காட்டினார்.

நீண்டநாள்_வாசகி | புதன், மாலை 7.10

மிக்க மகிழ்ச்சி. சிவத்தல், கடி, வீக்கம் எது சிறிதளவு வந்தாலும் உடனே கழுவிவிட்டு, அந்தச் சாயத்தை மறந்துவிடுங்கள். முகம் வீங்குவதாகவோ மூச்சு முட்டுவதாகவோ தோன்றினால் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

கொட்டாஞ்சேனை_சலூன் | வியாழன், காலை 8.40

பூசுவதைச் சனிக்கிழமை காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதல்நாள் தலை முழுக வேண்டாம்; இயற்கையான எண்ணெய்ப்பசை உச்சந்தோலுக்குச் சிறிது காப்பு. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் வாசலீன் தடவினால் கறை படியாது. புருவத்திற்கு மட்டும் எக்காரணம் கொண்டும் பூச வேண்டாம், கண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது.

வெள்ளவத்தை_மகள் | வெள்ளி, காலை 7.05

இப்போதுதான் பார்த்தேன். காதுக்குப் பின்னால் ஒரு சிறு கபிலப் புள்ளி மட்டும் இருக்கிறது; சிவப்பு இல்லை, கடியும் இல்லை என்கிறார் அம்மா. இன்றிரவு 48 மணித்தியாலங்கள் முடிகின்றன.